வெளியே மைனஸ் 40... உள்ளே என்ன நடந்தது தெரியுமா?

மார்கழியில் சென்னை 20 டிகிரியைத் தொட்டாலே நமக்கு மங்கி குல்லா வேண்டும்! தண்ணீர் 0 டிகிரியில் உறைகிறது. அதற்கும் கீழே 40 டிகிரி இறங்கினால்? அங்கே செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்ற கேள்வியே இல்லை. மைனஸ் 40-ல் இரண்டும் ஒன்றுதான்!

குளிர் விரட்டியதால் உள்ளே அடைந்து கிடந்தவர்கள் என்ன செய்தார்கள்? கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள் என்றா நினைக்கிறீர்கள்? சிலர் தூங்கினார்கள், அதுவும் ஆறு மாதம்! மற்றவர்கள் செய்த காரியங்களைக் கேளுங்கள்!

பழக்கூடையில் விழுந்த பந்து!

கூடைப்பந்தில் 'கூடை' எப்படி வந்தது தெரியுமா? அது நிஜமாகவே கூடைதான்!

1891 டிசம்பர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரம். குளிருக்கு உள்ளே அடைபட்ட மாணவர்கள் உடற்பயிற்சி வகுப்பில் ஒரே ரகளை! உள்ளே ஆட ஒரு புது ஆட்டம் கண்டுபிடிக்கச் சொல்லி ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித்துக்கு 14 நாள் கெடு. அவர் இரண்டு பெட்டி கேட்டார். பள்ளிப் பணியாளர் கொண்டுவந்ததோ பீச் பழம் வைக்கும் கூடைகள்! மாடிக் கைப்பிடியில் அவற்றை ஆணியடித்து மாட்டினார்கள். உயரம் 10 அடி. இன்றைக்கும் அதே 10 அடி!

ஒரு பக்கத்துக்கு 9 பேர். விதிகள் 13. முதல் ஆட்டத்தில் விழுந்தது எத்தனை கோல் தெரியுமா? ஒன்றே ஒன்று! கூடைக்கு அடியில் ஓட்டை கிடையாதே, பந்தை எப்படி எடுப்பது? ஏணி போட்டு ஏறித்தான்!

மழையில் நனைந்த 'உள்ளரங்க' ஆட்டம்!

வெளியே போகாமல் ஆடுவதற்கென்றே பிறந்த அந்த ஆட்டம் 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் நுழைந்தது. இறுதிப் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? திறந்த வெளி மண் தரையில், கொட்டும் மழையில்! சேற்றில் பந்து துள்ளவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8. அவ்வளவுதான் மொத்தமே!

பக்கத்து ஊர்க்காரர் சும்மா இருப்பாரா?

ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகில் ஹோலியோக். கூடைப்பந்து பிறந்து நாலே வருடம். 1895-ல் அங்கே வில்லியம் மார்கன் என்பவர் இன்னோர் உள்ளரங்க ஆட்டத்தை உருவாக்கினார். ஓடியாட முடியாத நடுவயதுக்காரர்களுக்கான மென்மையான ஆட்டம். பெயர் 'மின்டோனெட்'. கேள்விப்பட்டதே இல்லையா? நன்றாகத் தெரியும் உங்களுக்கு. அதுதான் வாலிபால்!

ஆறு மாதத் தூக்கம்!

கரடிதான் குளிர்காலம் முழுக்கத் தூங்குமா? ரஷ்யாவின் ப்ஸ்கோவ் பகுதி ஏழை விவசாயிகளும் தூங்கினார்கள் என்று 1900-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' எழுதியது! முதல் பனி விழுந்ததும் குடும்பமே அடுப்பைச் சுற்றிப் படுத்துவிடுமாம். நாளுக்கு ஒரு தடவை விழிப்பு. காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்று, கொஞ்சம் தண்ணீர். மறுபடி தூக்கம்! நெருப்பு அணையாமல் பார்க்க மட்டும் முறைபோட்டு ஒருவர் விழித்திருப்பார். ஆறு மாதம் கழித்து எழுந்து, புல் முளைத்துவிட்டதா என்று வெளியே எட்டிப் பார்ப்பார்களாம். இந்தத் தூக்கத்துக்குப் பெயர்கூட உண்டு: 'லோட்ஸ்கா'! பஞ்ச காலத்தில் தானியத்தை மிச்சம் பிடிக்க அவர்கள் கண்ட வழியாம் இது!

கப்பலுக்குள் நாடகக் கொட்டகை!

1819. வட துருவப் பகுதியில் எட்வர்ட் பாரியின் இரண்டு கப்பல்கள் பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டன. சுமார் மூன்று மாதம் சூரியனே கிடையாது! மாலுமிகளுக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருக்க பாரி என்ன செய்தார் தெரியுமா? நாடகம் போட்டார்! இரண்டு வாரத்துக்கு ஒன்று. பெண் வேடம் யாருக்கு? மாலுமிகளுக்கேதான்! கப்பல் தலைவர் பாரியே வேஷம் கட்டினார்!

அது மட்டுமா? ஒரு வாரப் பத்திரிகையும் நடந்தது. 21 இதழ்கள்! வெளியே நடக்க முடியாத நாட்களில் ஆர்கன் இசைக்கு ஏற்ப மேல்தளத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டம். ஸ்கர்வி நோய்க்கு மருந்து? பாரியின் அறையில் அடுப்புக் குழாய் ஓரமாகத் தொட்டி வைத்து வளர்த்த கடுகுக் கீரை!

வெண்ணெய்ப் பெட்டிதான் அட்டை!

அண்டார்க்டிகாவிலேயே எழுதி, அச்சடித்து, கட்டப்பட்ட முதல் புத்தகம் எது தெரியுமா? 'அரோரா ஆஸ்ட்ராலிஸ்'. 1908-ன் குளிர்காலத்தில் துருவப் பயணி ஷாக்கிள்டனின் குழுவினர் 15 பேர் ஒரே குடிசையில் அடைந்து கிடந்தபோது பிறந்தது. அச்சு வேலை தெரியுமா அவர்களுக்கு? கிளம்புவதற்கு முன் கற்றது மூன்றே வாரம்! மை உறைந்து போகும். அதற்கு அடியில் மெழுகுவத்தி ஏற்றி இளக்கினார்கள்!

அட்டைக்கு எங்கே போவது? உணவுப் பொருள் வந்த பலகைப் பெட்டிகளை அறுத்தார்கள். அதனால் சில பிரதிகளின் உள்பக்கத்தில் இன்றும் 'வெண்ணெய்' என்ற எழுத்து இருக்கிறது! அச்சானது சுமார் 100 பிரதிகள்தான்.

தங்கம் போகட்டும், பாஞ்ஜோ வரட்டும்!

1915-ல் அதே ஷாக்கிள்டனின் 'எண்டியூரன்ஸ்' கப்பலைப் பனிக்கட்டி நொறுக்கியது. ஆளுக்கு 2 பவுண்டு சொந்தச் சாமான் மட்டுமே என்று கண்டிப்பான உத்தரவு. தங்கக் காசுகளையே பனியில் வீசிவிட்டார் ஷாக்கிள்டன்! ஆனால் 12 பவுண்டு எடையுள்ள பாஞ்ஜோ என்ற நரம்பு வாத்தியத்தை மட்டும் எடுத்து வரச் சொன்னார். ஏன்? மனதுக்கு அதுதான் மருந்து!

பிறகு எலிஃபன்ட் தீவில் 22 பேர் கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளுக்கு அடியில் சுமார் நான்கு மாதம் கிடந்தார்கள். தின்றது சீல் மாமிசமும் பென்குவினும். பொழுதுபோக்கு? பாஞ்ஜோ பாட்டு. அப்புறம், ஒரு சமையல் புத்தகத்தை உரக்கப் படிப்பது! பசித்த வயிற்றோடு புட்டிங் செய்முறை கேட்டால் எப்படி இருந்திருக்கும்? 22 பேரும் உயிரோடு மீண்டார்கள்!

தென் துருவத்தில் பேய்ப் படம்!

அண்டார்க்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பதிவான குளிர் எவ்வளவு தெரியுமா? மைனஸ் 89.2 டிகிரி! தென் துருவ நிலையத்திலோ சூரியன் வருடத்துக்கு ஒரே தடவைதான் மறையும். அப்புறம் ஆறு மாதம் எட்டிப் பார்க்காது!

பிப்ரவரியில் கடைசி விமானம் கிளம்பிவிட்டால் எட்டு மாதம் யாரும் வர முடியாது, போக முடியாது. அன்று தங்குகிறவர்கள் கூடி உட்கார்ந்து என்ன படம் பார்ப்பார்கள் தெரியுமா? 'தி திங்'! அண்டார்க்டிக் முகாமில் மாட்டிக்கொண்டவர்களை வேற்றுக்கிரகப் பூதம் ஒவ்வொருவராகக் கொல்லும் கதை! தைரியம் என்றால் இதுவல்லவா?

300 சங்கம்... உறுப்பினர் ஆகிறீர்களா?

அதே இடத்தில் ஒரு விசித்திரச் சங்கம் உண்டு. வெளியே மைனஸ் 73 டிகிரி ஆகும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். உள்ளே நீராவி அறையில் 93 டிகிரி சூட்டில் உட்கார்ந்து வியர்த்துவிட்டு, காலில் பூட்ஸ் மட்டும் மாட்டிக்கொண்டு வெளியே ஓட்டம்! வேறு துணி? கிடையாது! இரண்டுக்கும் வித்தியாசம் ஃபாரன்ஹீட்டில் சரியாக 300. பெயர்க் காரணம் புரிந்ததா?

ஊரே ஒரு கட்டடத்தில்!

அலாஸ்காவில் விட்டியர் என்று ஒரு ஊர். மொத்த ஜனத்தொகை 300-க்குள். பெரும்பாலோர் எங்கே குடியிருக்கிறார்கள் தெரியுமா? ஒரே 14 மாடிக் கட்டடத்தில்! தபால் ஆபீஸ், மளிகைக் கடை, தேவாலயம் எல்லாம் அதே கூரைக்கு அடியில். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக? பூமிக்கு அடியில் சுரங்கப்பாதை! பனிப்புயல் அடித்தாலும் லீவு கேட்க முடியாது, பாவம்!

விறகு எரிவதை 8 மணி நேரம் பார்ப்பீர்களா?

நார்வேக்காரர்கள் பார்த்தார்கள்! 2013 பிப்ரவரியில் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றியே 12 மணி நேர நிகழ்ச்சி போட்டது. அதில் 8 மணி நேரம் கணப்பில் கட்டை எரிவது மட்டும்! 50 லட்சம் பேர் வாழும் நாட்டில் சுமார் 10 லட்சம் பேர் எட்டிப் பார்த்தார்கள்.

வந்த புகார் என்ன தெரியுமா? விறகை அடுக்கும்போது பட்டை மேலே இருக்க வேண்டும் என்று பாதிப் பேர்! கீழே இருக்க வேண்டும் என்று மீதிப் பேர்!

ஜட்டியோடு குடிக்க ஒரு சொல்!

வெளியே போகும் எண்ணமே இல்லாமல், வீட்டில் உள்ளாடையோடு உட்கார்ந்து தனியாகக் குடிப்பது. இதற்கு ஃபின்லாந்தில் தனிச் சொல்லே இருக்கிறது: 'கல்சரிகன்னித்'! அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் இதற்கு எமோஜி வேறு வெளியிட்டது!

55 லட்சம் பேர் உள்ள அந்த நாட்டில் 'சவுனா' என்ற நீராவி அறைகள் எத்தனை தெரியுமா? சுமார் 30 லட்சம்! இரண்டு பேருக்கு ஒன்றுக்கும் மேல்!

புத்தக வெள்ளம்!

ஐஸ்லாந்தில் வருட இறுதியில் ஒரு வெள்ளம் வரும். நீரில்லாத வெள்ளம், புத்தக வெள்ளம்! புதுப் புத்தகங்கள் குவிவதும் அந்தச் சமயத்தில்தான். அவற்றின் பட்டியலும் வெளியாகும். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு புத்தகம் பரிசு!

குளிர்கால வாசிப்பு அங்கே பழைய பழக்கம். அந்நாளில் குளிர்கால மாலைகளில் குடும்பமே ஒரே அறையில் கூடும். எல்லோர் கையிலும் கம்பளி நூல் வேலை. ஒருவர் மட்டும் பழங்கதைகளை உரக்கப் படிப்பார். கைக்கு வேலை, காதுக்குக் கதை!

எழுந்து போனதுதான் தப்போ?

1619 நவம்பர் 10. ஜெர்மனியில் 23 வயது இளைஞன் ஒருவன் அடுப்புச் சூட்டில் கதகதப்பான அறையில் நாள் முழுக்கத் தனியே உட்கார்ந்து யோசித்தான். அன்று இரவு மூன்று கனவுகள்! யார் தெரியுமா? நவீனத் தத்துவத்தின் தந்தை ரெனே டெக்கார்ட்!

வெகுநேரம் படுக்கையில் கிடப்பது அவர் வழக்கம். கடைசியில் ஸ்வீடன் ராணி கிறிஸ்டினா அவரைப் பாடம் சொல்ல அழைத்தார். எத்தனை மணிக்கு? குளிர்காலத்தில், விடியற்காலை 5 மணிக்கு! 1650 பிப்ரவரியில் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார் மனிதர்!

எரிமலை எழுதிய பேய்க்கதை!

1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை! 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரைக்கு உல்லாசமாக வந்தவர்கள் குளிரிலும் மழையிலும் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். பொழுது போகாமல் பேய்க்கதைப் போட்டி! மேரி என்ற 18 வயதுப் பெண் யோசித்தது 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதை. கூட இருந்த டாக்டர் பாலிடோரி எழுதியது ரத்தக்காட்டேரிக் கதை. டிராகுலாவுக்கே மூத்தது! ஒரே வீடு, இரண்டு பூதங்கள்!

அங்கிக்குள் நெருப்புச் சட்டி!

காஷ்மீரில் குளிருக்கும் குடும்பம் உண்டு தெரியுமா? டிசம்பர் 21-ல் தொடங்கி 40 நாள் 'சில்லாய் கலான்', பெரிய குளிர். அடுத்த 20 நாள் 'சில்லாய் குர்த்', சின்னக் குளிர். கடைசி 10 நாள் 'சில்லாய் பச்சா', குழந்தைக் குளிர்!

வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் தளர்வான 'ஃபெரன்' அங்கிக்குள் நெருப்பு வைத்திருப்பார்கள். நிஜ நெருப்பு! பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் தணல். பெயர் 'காங்ரி'. வெளியே பனி கொட்டும், வயிற்றோடு அணைத்த கணப்பு கதகதக்கும்!

சிரித்தால் அவுட்!

இறுகிய பனியை வெட்டிக் கட்டிய இக்லூ வீட்டுக்குள் குளிராதா? வெளியே மைனஸ் 40 இருக்கும்போது, ஒரு விளக்கும் ஆட்களின் உடம்புச் சூடும் சேர்ந்தாலே உள்ளே உறைநிலைக்கு மேல் போய்விடும்!

வட துருவப் பகுதியில் வாழும் இன்யூட் பெண்கள் இருவர் முகத்துக்கு முகம் நின்று தொண்டைக்குள்ளிருந்து விநோத ஒலிகளை எழுப்புவார்கள். பாட்டா, போட்டியா? இரண்டும்தான்! முதலில் சிரித்தவர் தோற்றார்!

விரலில் நூல் மாட்டி உருவம் செய்யும் ஆட்டமும் உண்டு. இக்லூலிக் என்ற இன்யூட் ஊர்ப் பக்கம் அது இருட்டுக் காலத்துக்கு மட்டுமே. சூரியன் திரும்பி வந்தால் நிறுத்திவிட வேண்டும். ஏன்? நூலில் சூரியனின் கால் சிக்கிக்கொள்ளுமாம்!

கொம்பு உறையும் ஒன்பது!

மங்கோலியர் குளிரை எப்படி எண்ணுவார்கள் தெரியுமா? ஒன்பது ஒன்பதாக! மொத்தம் 9 ஒன்பதுகள், 81 நாள். முதல் ஒன்பதில் பால் சாராயம் உறையும். மூன்றாவதில் மூன்று வயது எருதின் கொம்பு உறையும். நான்காவதில் நான்கு வயது எருதின் கொம்பும் தப்பாது! அந்த நாட்களில் கூடாரத்துக்குள் ஆட்டின் கணுக்கால் எலும்புகளை உருட்டி விளையாட்டு. எலும்பு எப்படி விழுகிறது என்பதை வைத்து அதற்குப் பெயர்: செம்மறி, வெள்ளாடு, ஒட்டகம், குதிரை!

81 இதழ்கள்!

சீனர்களுக்கும் அதே 81 நாள்தான். ஆனால் அவர்கள் எண்ணிய அழகைப் பாருங்கள்! ஆண்டின் மிக நீண்ட இரவன்று ஒரு படத்தைச் சுவரில் மாட்டுவார்கள். பிளம் மரக்கிளை. அதில் மொத்தம் 81 வெள்ளை இதழ்கள். நாளுக்கு ஓர் இதழுக்குச் சாயம் பூச வேண்டும். ஒன்றே ஒன்று, அதற்கு மேல் கூடாது!

வெளியே மரங்கள் மொட்டையாக நிற்கும். உள்ளே சுவரில் மட்டும் நாளுக்கு ஒரு இதழாகக் கிளை பூத்துக்கொண்டே வரும். கடைசி இதழுக்கும் வண்ணம் வந்துவிட்டதா? தூரிகையைக் கீழே வையுங்கள், கதவைத் திறங்கள்... வசந்தம்!