கர்ப்பிணிகளே... 2-வது ஊசியை விட்டுடாதீங்க! எந்த ஊரிலும் இலவசமாக போடலாம்

தமிழகத்தில் கர்ப்பிணி பெண்களுக்கு ரணஜன்னி, தொண்டை அடைப்பான் நோய்களை தடுக்கும் ஊசி அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாக போடப்படுகிறது. கர்ப்பம் உறுதியானதும் முதல் ஊசி, 4 வாரம் கழித்து 2-வது ஊசி. கடந்த 3 ஆண்டுக்குள் முந்தைய கர்ப்பத்தில் 2 ஊசியும் போட்டிருந்தால் இப்போது ஒன்று போதும்.

குழந்தைக்கு என்ன லாபம்?

பிறந்த குழந்தைக்கு ரணஜன்னி தடுப்பூசி 6-வது வாரத்தில்தான் தொடங்கும். அதுவரை தாயிடம் இருந்து வரும் எதிர்ப்பு சக்திதான் காவல். இந்தியாவில் தாய்-சேய் ரணஜன்னி ஒழிக்கப்பட்டதாக 2015-ல் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் கிருமி மண்ணில் இருக்கிறது. ஊசியை விட்டால் ஆபத்துதான்.

ஊர் மாறினால்?

செங்கல் சூளை, கட்டிட வேலைக்கு ஊர் ஊராக போகும் பெண்களுக்குத்தான் 2-வது ஊசி தவறிப்போகிறது. ஒருநாள் கூலி போகுமே என்று தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. போன ஊரில் உள்ள துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் அட்டையை காட்டி போட்டுக்கொள்ளலாம். புதன்கிழமை தடுப்பூசி நாள்.

9-வது மாதம் ஆயிடுச்சேன்னு பயப்பட வேண்டாம். அப்போதும் போடலாம். ஒரு ஊசிகூட போடாதவருக்கு பிரசவ வலி வந்த பிறகும் போடுவார்கள்.