சுத்தியல் தலையனுக்குப் பேர் வைத்தது யாரு?

"நீ என்னவா இருக்கப் போறே?" என்று கேட்டான் நண்பன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா சார் இது? பி.காம் முடித்து, முப்பதைத் தாண்டி, நாலு பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் இனிமேல் என்னவாக ஆவது!

அவன் கேட்டது 'ஸ்டார் வார்ஸ்' ரோல்பிளேயிங் கேமுக்காக. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருத்தர் கதை சொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'நான் சுவர் ஏறிக் குதிக்கிறேன்' என்று வாயால் சொன்னால் போதும். குதித்தீர்களா, காலை ஒடித்துக் கொண்டீர்களா என்பதைப் பகடை சொல்லிவிடும்.

"எனக்கு அந்தச் சுத்தியல் தலை ஆசாமிதான் வேணும்" என்றேன். 1977-ல் வந்த முதல் படத்தில், மதுக்கடைக் காட்சியில் வருவாரே... வளைந்த கழுத்தும், இரண்டு ஓரத்திலும் கண் வைத்த தலையுமாக! சில விநாடிதான். கண்ணைச் சிமிட்டினால் போச்சு.

நண்பன் ஒரு புத்தகத்தைப் புரட்டினான். "அவங்க பேரு இத்தோரியன். பரம சாது. காட்டைத் தாயா கும்பிடறவங்க. சொந்தக் கிரகத்துல தரையில குடியிருக்க மாட்டாங்க, மிதக்கிற ஊர்லதான் வாசம். வாய் ரெண்டு."

சண்டைக் கதையில் சண்டையே போடாத ஆளாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறேன்! (இரண்டு வாய்க்கு ஓட்டலில் ஒரு பில்லா, இரண்டு பில்லா என்று கேட்டேன். முறைத்தான்.)

அது போகட்டும். படத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? எங்கேயும் கிடையாது. படத்தில் இருந்தது ஒரு ரப்பர் முகமூடி. பொம்மைக் கம்பெனி அதை 'சுத்தியல் தலை' என்ற அர்த்தத்தில் 'ஹேமர்ஹெட்' என்று பேர் போட்டு விற்றது. இனம், பேர், ஊர் எல்லாம் 1987-ல் வந்தவை. அந்த வருஷம் வெஸ்ட் எண்ட் கேம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, லூகாஸ்ஃபிலிமிடம் அனுமதி வாங்கி இந்த விளையாட்டை வெளியிட்டது. விளையாட்டை வடிவமைத்தவர் கிரெக் காஸ்டிக்யன். கூடவே வந்த தகவல் புத்தகத்தை எழுதியவர்கள் பில் ஸ்லாவிசெக், கர்ட்டிஸ் ஸ்மித்.

சினிமாவுக்கு முகம் போதும். விளையாட்டுக்குப் போதாது. 'நான்தான் அந்த ஆள்' என்று ஒருத்தன் உட்கார்ந்துவிட்டால் அடுத்த நிமிஷம் கேட்பான்: நான் என்ன சாப்பிடுவேன்? எதுக்குப் பயப்படுவேன்? எத்தனை பலம்? மனுஷப் பாத்திரத்துக்கு ஆறு குணங்களுக்குமாகச் சேர்த்துப் பதினெட்டுப் பகடை. மற்ற இனங்களுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று தனித்தனிக் கணக்கு.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. கைக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஆசாமி. அவரை வைத்து முழு இனத்துக்கே ஜாதகம் எழுத வேண்டும்! படத்தில் க்ரீடோ காசுக்கு ஆள் பிடிக்கிறவன். உடனே அவன் இனமான ரோடியன்கள் அத்தனை பேரும் வேட்டைப் பைத்தியம். 1983-ல் வந்த படத்தில், தலையிலிருந்து இரண்டு வால் தொங்குகிற பிப் ஃபார்ச்சூனா, ஜப்பாவின் குழைகிற காரியதரிசி. அதே இனத்து ஊலா, சங்கிலியில் கட்டிய நாட்டியக்காரி. ஆகவே ட்விலெக் இனம் என்றாலே தந்திரக்காரர்கள், சொந்த ஜனங்களையே அடிமையாக விற்கிறவர்கள்! எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரை மட்டும் பார்த்துவிட்டுப் பூலோகவாசிகளைப் பற்றி ஒருத்தர் எழுதினால் நம் கதி என்ன? ஆனாலும் ட்விலெக்குகள் அந்தத் தலைவால்களை அசைத்தே ரகசியம் பேசிக்கொள்வார்கள் என்று எழுதினார்களே, அதற்கு ஒரு சபாஷ்.

திமோதி ஸான் 1991-ல் வந்த தன் நாவலை எழுதியபோது, லூகாஸ்ஃபிலிம் இந்த விளையாட்டுப் புத்தகங்களை அனுப்பி, பயன்படுத்திக்கொள்ளச் சொன்னது. விளையாட்டிலிருந்து நாவல், நாவலிலிருந்து காமிக்ஸ் என்று பேர்கள் ஊர்வலம் போயின.

அப்புறம் வந்தது 'கேனன்' பிரச்னை. (கேமரா இல்லை. எங்க ஊர்ப் பக்கம் அசடைச் சொல்வார்களே, அதுவும் இல்லை.) எது அசல் கதை, எது சும்மா என்கிற தீர்ப்புக்குத்தான் அந்தப் பேர். 2000-ல் லீலண்ட் சீ என்பவர் லூகாஸ்ஃபிலிமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பேரேடு போட ஆரம்பித்தார். ஜி என்றால் ஜார்ஜ் லூகாஸின் படங்கள், அதுதான் உச்சம். டி என்றால் டிவி. சி என்றால் நாவல், காமிக்ஸ் வகையறா. அதற்கும் கீழே எஸ். மேல்படி ஒன்று சொன்னால் கீழ்ப்படி வாயை மூட வேண்டும். படித்தபோது எனக்குக் கண்ணில் நீர் துளிர்த்தது. பி.காம் வீண் போகவில்லை!

2012-ல் டிஸ்னி 405 கோடி டாலருக்கு மொத்தத்தையும் வாங்கியது. 2014 ஏப்ரல் 25-ந் தேதி அறிவிப்பு: பழைய நாவல், காமிக்ஸ், விளையாட்டுக் கதை எல்லாம் இனி 'லெஜண்ட்ஸ்'. கணக்குப் பாஷையில் சொன்னால், சஸ்பென்ஸ் அக்கவுண்ட்! தள்ளுபடியும் இல்லை, வரவும் இல்லை. ஆனால் வேடிக்கை பாருங்கள், புதிய 'ரெபல்ஸ்' கார்ட்டூன் தொடரில் வரும் சில சமாசாரங்கள் எண்பதுகளின் ரோல்பிளேயிங் புத்தகங்களிலிருந்து வந்தவை என்று அதே அறிவிப்பில் ஒப்புதலும் இருந்தது. அதில் ஒன்று, அரசாங்க உளவுத்துறை ஐ.எஸ்.பி. 2022-ல் 'ஆண்டோர்' தொடரில் அது பெரிய பாத்திரமாகவே ஆகிவிட்டது. 'ரெபல்ஸ்' கப்பலை ஓட்டுகிற ஹீரா ஒரு ட்விலெக் பெண். விடுதலைப் போராளியின் மகள். அடிமைச் சங்கிலியிலிருந்து அந்த இனம் அங்கே வந்து சேர 31 வருஷம்!

வெஸ்ட் எண்ட் கேம்ஸ் 1998-லேயே திவால். எழுதினவர்கள் உண்டாக்கிய இனங்கள் அவர்களுக்குச் சொந்தமில்லை, லைசென்ஸ் கொடுத்தவருக்குத்தான். பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எழுதுகிறவனுக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சில் லேசாக ஒரு குத்து. இன்றைக்கு 'இத்தோரியன்' என்று எந்தத் தேசத்துப் பையன் சொன்னாலும் அது அந்தப் புத்தகத்து வார்த்தை. ஒரே ஆறுதல், பாப்லோ ஹிடால்கோ. இந்தக் கம்பெனிக்கு வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தவர், பிற்பாடு லூகாஸ்ஃபிலிமுக்குள்ளேயே போய் எது கேனன் என்று பார்க்கிற கோஷ்டியில் சேர்ந்துவிட்டார்.

நண்பன் வைத்திருந்த புத்தகம், 2018-ல் முப்பதாவது வருஷ நினைவாக வேறொரு கம்பெனி மறுபடி அச்சிட்டது. முதல் பக்கத்தைத் திருப்பி ஸ்லாவிசெக், ஸ்மித் பேர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

"என்னடா பார்க்கறே? துரத்திக்கிட்டு வர்றாங்க. என்ன பண்றே, சொல்லு!"

"சுவர் ஏறிக் குதிக்கிறேன்" என்றேன்.

மூன்று பகடை உருட்டினேன். மூன்றிலும் ஒன்று.