பெயின்டுக்கு அடியில் துரு: ஏன்? எப்படி?

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரை ஆசையாக வாங்கப்போகிறீர்களா? மேல்பளபளப்பை நம்பாமல், குனிந்து கதவின் கீழ் விளிம்பைப் பாருங்கள்.

ஏன் அங்கே? கண்ணாடி இடுக்கு வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள சிறு துளைகளில் வடிய வேண்டும். அவற்றை மண் அடைத்தால் நீர் தேங்கும். நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து இரும்பை உள்ளிருந்து அரிக்கும். கடற்கரை ஊர்களில் உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அரிப்பு இன்னும் வேகமாகும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட் கொப்புளமாக எழும்புகிறது. அலுமினிய ஆக்சைடு உலோகத்தோடு ஒட்டி நின்று காக்கும். துருவோ உதிர்ந்து, அடுத்த அடுக்கையும் அரிப்புக்குத் திறந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்துங்கள். பிடிப்பு தளர்ந்தால், அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) தடிமனாக இருக்கிறது என்று பொருள்; அது துருவை மறைக்கப் பூசியதாக இருக்கலாம்.

துருவின்மேல் பட்டி பூசுவது வைத்தியமல்ல. அரிப்பு அடியில் தொடரும். நல்ல தகடு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே தடிமனில் புதுத் தகட்டை வெல்டிங் செய்து, துத்தநாக பிரைமர் அடித்து, உட்குழிவில் மெழுகு பூசச் சொல்லுங்கள். வடிகால் துளைகளை மட்டும் அடைக்க விடாதீர்கள்.