கூரைப் பீலிக்கு மூடி தேவையா?

ரப்பர் மரங்களுக்கு அருகே வாழும் நம் தோட்டப் பாட்டாளிகளுக்கு மரத்தின் நிழல் ஒரு பேறு. அதிலிருந்து உதிரும் இலையோ ஓயாத வேலை. வாசலில் விழும் சருகை நாள்தோறும் கூட்டித் தள்ளிவிடுகிறோம். கூரைமேல் விழும் சருகு நம் கண்ணில் படுவதில்லை. அது மழைநீரோடு சரிந்து வந்து, கூரையின் ஓரத்தில் நீரை ஏந்திச் செல்லும் பீலியில் தங்கிவிடுகிறது. பீலி அடைபட்டால் நீர் வழிந்து சுவரை நனைக்கும். வழியாமல் தேங்கி நிற்கும் நீரில் கொசு முட்டையிடும்.

இத்தொல்லைக்குத் தீர்வாகப் பீலியின்மேல் பொருத்தும் மூடிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. ஒருமுறை பொருத்திவிட்டால் பிறகு பீலியைப் பற்றிய கவலையே வேண்டியதில்லை என்று கூறி விற்பதுண்டு. அக்கூற்றில் எவ்வளவு உண்மை உள்ளது? உழைத்துச் சேர்த்த பணத்தை அதில் இடுவது தகுமா? இவற்றை ஆராய்வோம்.

பீலி சுமக்கும் நீர்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். கூரையின் ஒரு பக்கம் 7 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உடையது எனக் கொள்வோம். அதன் பரப்பு 28 சதுர மீட்டர். நம் நாட்டின் மாலை மழை ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பொழிவது அரிதன்று. அப்போது அந்த ஒரு பக்கத்திலிருந்து மட்டும் 1,400 லிட்டர் நீர் பீலிக்கு வந்து சேரும்; அது 200 லிட்டர் பீப்பாய்கள் ஏழை நிரப்பும் அளவாகும். இவ்வளவு நீரும் தடையின்றி உள்ளே இறங்க வேண்டும். மூடியின் துளைகள் அடைபட்டிருந்தால் நீர் மூடியின் மேலாகப் பாய்ந்து, பீலியே இல்லாததுபோல் தரையில் கொட்டிவிடும்.

இலை, பூ, விதை

பீலியை அடைப்பது இலை மட்டுமன்று. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் ரப்பர் மரம் இலையுதிர்க்கிறது. அதன் இலை மூன்று சிற்றிலைகளையும் ஒரு நீண்ட காம்பையும் உடையது. சிற்றிலை வலையின்மேல் தங்கிக் காற்றில் பறந்து போகலாம். காம்போ வலைக் கண்ணில் குத்தி நின்றுவிடும். புதிய தளிர் விட்டதும் மரம் பூக்கிறது. அச்சிறு மஞ்சள் பூக்கள் அகன்ற கண்ணுள்ள வலையின் வழியே உள்ளே விழும். நெருங்கிய கண்ணுள்ள வலையிலோ மழையில் நனைந்து பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் காய் வெடித்து, விதையும் ஓடும் கூரைமேல் விழுகின்றன. இவையன்றி, 2017ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் காணப்படும் பெஸ்டலோடியோப்சிஸ் என்னும் பூஞ்சண நோய் தாக்கிய மரங்கள் வேறு மாதங்களிலும் இலையை உதிர்க்கின்றன.

மூடியின் வகைகள்

அகன்ற கண்ணுள்ள கம்பி வலையோ பிளாஸ்டிக் வலையோ விலை குறைந்தது. அது இலையையும் விதையையும் தடுக்கும். பூவையும் தூசியையும் தடுக்காது. நெருங்கிய கண்ணுள்ள உலோக வலை பெரும்பாலானவற்றைத் தடுக்கும். ஆனால் அதன் மேற்பரப்பைத் துலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பீலிக்குள் செருகும் தூரிகையும் கடற்பஞ்சு போன்ற அடைப்பும் பொருத்துவதற்கு எளியவை. எனினும், ஈரத்தையும் குப்பையையும் தம்முள் பிடித்து வைத்துக்கொள்வதால் மரத்தடி வீடுகளுக்கு அவை ஏற்றவையல்ல. பிளாஸ்டிக் வகைகள் வெயிலில் நாளடைவில் நொறுங்கும். எவ்வகையாயினும் தகரப் பீலியில் ஆணித்துளை இடுதல் ஆகாது. துளையிட்ட இடத்திலிருந்தே துரு தொடங்கும். கவ்விகளால் பொருத்துவதே நன்று.

மறைந்திருக்கும் ஆபத்து

இங்கு நாம் மறவாது நினைக்க வேண்டியது டிங்கிக் காய்ச்சல். கடுமையான இரத்தக்கசிவு டிங்கி நம் நாட்டில் முதன்முதலாக 1962ஆம் ஆண்டு பினாங்கில் கண்டறியப்பட்டது. அந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சிறிதளவு நீர் தேங்கினாலும் அங்கே முட்டையிடும். அம்முட்டை ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் பறக்கும் கொசுவாகிவிடுகிறது. நீர் வற்றினாலும் முட்டை பல மாதங்கள் கெடாமல் ஒட்டியிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும்.

மூடி போட்டால் கொசு நுழையாது என்று எண்ணுவது தவறு. சாதாரண இலைத்தடுப்பு வலையின் கண்கள் கொசுவுக்குத் திறந்த கதவு. நெருங்கிய வலையாயினும் ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தால் போதும். மூடி, அடியில் தேங்கிய நீரை நம் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது என்பதே பெரிய தீங்கு. திறந்த பீலியில் புழுவைக் கண்டு கொட்டிவிடலாம். மூடிய பீலியில் அது வளர்வதை யார் அறிவார்?

நீர் தேங்குவதைத் தடுப்பது மூடியன்று, சரிவு. 10 அடி நீளத்திற்குக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை பீலி இறக்கும் குழாயை நோக்கித் தாழ்ந்திருத்தல் வேண்டும். தொய்ந்த பீலிக்கு மூடி வாங்குவதைவிட அதன் தாங்கியைச் சரிசெய்வது முதற்கடமை.

செலவுக் கணக்கு

விலை கடைக்குக் கடை மாறும். ஆயினும் கணக்கிடும் முறை ஒன்றே. ஓர் எடுத்துக்காட்டாக, 40 அடிப் பீலிக்கு அடி ஒன்றுக்கு 8 வெள்ளி வீதம் மூடி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 320 வெள்ளி. அது ஐந்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 64 வெள்ளி. மூடி இல்லாதபோது ஆண்டுக்கு நான்கு முறையும், மூடி போட்டபின் இரண்டு முறையும் துப்புரவு செய்வதாகக் கொண்டால், மிச்சமாவது இரண்டு துப்புரவுகள். ஒவ்வொன்றுக்கும் நாம் கொடுத்த விலை 32 வெள்ளி. மேலும், மூடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டுவது திறந்த பீலியை வாருவதைவிட நேரம் பிடிக்கும் வேலை.

ஆகவே, ஏணிக்கு எட்டும் தாழ்ந்த கூரையும் வேலை செய்ய வலிமையுள்ள ஆளும் உள்ள வீட்டிற்கு முழு மூடி வேண்டியதில்லை. இறக்கும் குழாயின் வாயில் ஒரு சிறு கம்பிக் கூடை வைத்தால் குழாய் அடைபடாது. அதற்காகும் செலவும் சிறிது. மாடி வீட்டின் உயர்ந்த கூரைக்கும், ஏணி ஏற இயலாத முதியோர் மட்டும் வாழும் வீட்டிற்கும் கழற்றி மாட்டக்கூடிய உலோக வலை பொருத்தமானது. மழைநீரைப் பீப்பாயில் சேமிப்போருக்கும் அது உதவும். ஆனால் பீப்பாயின் வாயையும் கொசு புகாத வலையால் இறுகக் கட்டுதல் வேண்டும். நீரைச் சேமிக்க விரும்பாதோர் பீலியையே அகற்றிவிட்டு, கூரை நீர் விழும் இடத்தில் சிமெண்டுத் தளமும் கால்வாயும் அமைப்பதும் ஒரு வழியே.

துப்புரவும் பாதுகாப்பும்

பீலியைத் துப்புரவு செய்ய முதன்மையான காலங்கள் இரண்டு: இலையும் பூவும் உதிர்ந்து முடிந்தபின் ஒருமுறை, விதை உதிர்ந்து முடிந்தபின், ஆண்டிறுதி மழைக்கு முன் ஒருமுறை. மரம் மிக அருகில் இருப்பின் இடையிலும் வார வேண்டும். வாரியபின் ஒரு வாளி நீரை ஊற்றி அது முழுவதும் ஓடி வடிகிறதா என்று பாருங்கள். ஏணியின் அடியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்கம்பி செல்லும் பக்கத்தில் உலோக ஏணியைச் சாத்தலாகாது. பழைய அஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஒருபோதும் கால் வைக்கலாகாது. அது உடைந்து ஆளை விழுத்தும், அதன் தூளும் நுரையீரலுக்குக் கேடு.

வீடு தோட்டத்திற்கு உரியதாயின், அதைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் முதலாளியின்மீது வைத்துள்ளது. உடைந்த பீலியையும் தொய்ந்த தாங்கியையும் அலுவலகத்தில் தெரிவித்துச் சரிசெய்யும்படி கேட்பது உங்கள் உரிமை. அதேவேளை, நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசு பெருக இடங்கொடுப்பது குடியிருப்போருக்கும் குற்றமே.

எனவே, மூடி வாங்குமுன் பீலியின் சரிவைப் பாருங்கள். கூரையின் உயரத்தைப் பாருங்கள். வீட்டில் ஏணி ஏற ஆள் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். மூடி நம் வேலையைக் குறைக்கலாம். நம் கண்காணிப்புக்கு ஈடாகாது. ஆண்டில் சில மணி நேர உழைப்பு, வீட்டுச் சுவரையும் பிள்ளைகளின் உயிரையும் ஒருசேரக் காக்கும்.