பிரீமியம் ஏறினால் யார் கிளம்புவார்கள்?

டீ வருவதற்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மருத்துவ இன்சூரன்ஸ் திட்டத்தில் நூறு இளைஞர்கள், நூறு முதியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இளைஞர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,000 டாலர் செலவாகிறது, முதியவருக்கு 5,000. எல்லாரிடமும் ஒரே பிரீமியம்தான் வாங்க வேண்டும் என்பது சட்டம். கம்பெனியின் லாபம், ஆபீஸ் வாடகை எல்லாவற்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தலைக்கு எவ்வளவு? 3,000. பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

இளைஞர்களில் பாதிப் பேர், "காய்ச்சல்கூட வராத எனக்கு எதற்கு மூவாயிரம்?" என்று விலகிவிடுகிறார்கள். மிச்சம் 150 பேர், மொத்தச் செலவு 5,50,000. பிரீமியம் ஏறக்குறைய 3,667 ஆகிறது. அதைப் பார்த்து மீதி ஐம்பது இளைஞர்களும் நடையைக் கட்டுகிறார்கள். இப்போது பிரீமியம் 5,000. ஒவ்வோர் ஆண்டும் கணக்கு சரியாகத்தான் போட்டார்கள். திட்டம்தான் படுத்துவிட்டது.

எத்தனை பேர், எவ்வளவு செலவு, எவ்வளவு வாங்கினால் கட்டும் என்று பார்ப்பது ஆக்சுவரியின் வேலை. விலை ஏறினால் யார் கிளம்புவார்கள் என்று கேட்பது பொருளாதாரம். ஆஸ்திரேலியாவில் இரண்டையும் சேர்த்து இரட்டைப் பட்டமாகவே படிக்கலாம். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சுவரியல் பட்டம் மட்டும் என்றால் மூன்று ஆண்டு, 24 பாடங்கள். பொருளாதாரமும் அப்படியே. சேர்த்துப் படித்தால் ஆறு ஆண்டு ஆகாது. நான்கே ஆண்டு, 32 பாடங்கள், பட்டத்துக்குப் பதினாறு. மீதிப் பதினாறு எங்கே போயிற்று? பிடித்ததை எடுத்துப் படிக்கலாம் என்று விட்டுவைத்திருக்கும் விருப்பப் பாடங்கள்தான் பெரும்பாலும் அடிபடுகின்றன. இசை, தத்துவம், இன்னொரு மொழி என்று எட்டிப் பார்க்க அதிகம் இடம் இருக்காது. இந்தப் படிப்புக்குக் கொடுக்கும் விலை அது.

ஆக்சுவரியல் பக்கம் முழுக்கக் கணிதம்: நிகழ்தகவு, புள்ளியியல், வட்டிக் கணக்கு, ஆயுள் அட்டவணை. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலி, 1693-இல் பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து ஓர் ஆயுள் அட்டவணை போட்டார். ஆயுள் முழுக்கக் கிடைக்கும் ஓய்வூதியத்தை இருபது வயதுக்காரருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் ஒரே விலைக்கு விற்பது சரியல்ல என்று அதிலிருந்து காட்டினார். இன்றைய மாணவர் கம்ப்யூட்டரில் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான்: இந்த வயதுக்காரர் அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்க எவ்வளவு வாய்ப்பு, அப்போது கொடுக்க வேண்டிய பணத்துக்கு இன்றைய மதிப்பு என்ன?

பொருளாதாரப் பக்கத்தில் இன்னொரு ஆளைச் சந்திப்பீர்கள்: ஜார்ஜ் அகெர்லாஃப். பழைய கார் சந்தையை வைத்து 1970-இல் அவர் எழுதிய கட்டுரை, ஒரு பக்கத்தாருக்கு மட்டும் உண்மை தெரிந்திருந்தால் சந்தை எப்படிச் சரியும் என்று விளக்கியது. வயதானவர்களுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கிடைப்பது ஏன் கடினம் என்பதையும் அதிலேயே தொட்டிருந்தார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். நாம் மேலே போட்ட இருநூறு பேர் கணக்கு அவர் சொன்னதற்குப் பக்கத்து வீடு.

இது வகுப்பறைக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 1984-இல் மெடிகேர் என்ற அரசு மருத்துவத் திட்டம் வந்தபோது மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தனியார் மருத்துவமனைக் காப்பீடு வைத்திருந்தார்கள். 1998 முடியும்போது அது சுமார் 30 சதவீதமாக இறங்கிவிட்டது. உடம்பு நன்றாக இருப்பவர்கள் முதலில் விலக, பிரீமியம் ஏற, இன்னும் சிலர் விலக, நம் கணக்கு அப்படியே நடந்தது. 1999 தொடக்கத்தில் அரசு பிரீமியத்தில் 30 சதவீதத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. அப்படியும் அந்த ஆண்டில் கூட்டம் பெரிதாகத் திரும்பவில்லை.

பிறகு 2000 ஜூலை 1 முதல் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. முப்பது வயதைத் தாண்டிச் சேர்ந்தால், தாமதித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பிரீமியத்தில் 2 சதவீதம் கூடுதல், நாற்பதில் சேர்ந்தால் 20 சதவீதம், உச்சவரம்பு 70. கெடுவுக்குள் சேர்ந்தால் இந்தச் சுமை இல்லை என்றதும் ஜனம் வரிசையில் நின்றது. சில மாதங்களிலேயே பங்கு 45 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது.

அந்த 2 சதவீதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவதற்கு ஒரு விலை வைக்க வேண்டும் என்பது பொருளாதார யோசனை. ஆனால் அரை சதவீதம் வைத்தால் இருபத்தொன்பது வயதுக்காரர் அசைய மாட்டார். பத்து வைத்தால் ஐம்பது வயதுக்காரர் உள்ளேயே வர முடியாது. எவ்வளவு என்று முடிவெடுக்க வயதுவாரியான செலவுக் கணக்கு கையில் இருக்க வேண்டும். யோசனையும் கணக்கும் ஒரே தலைக்குள் இருந்தால் என்ன பயன் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி, வீட்டில் கேட்கும் கேள்விகள். ஆக்சுவரி ஆக இரட்டைப் பட்டம் கட்டாயமா? இல்லை. நுண்ணியல், பேரியல் பொருளாதாரத்தின் அடிப்படை ஆக்சுவரியல் பட்டத்திலேயே உண்டு. பட்டம் வாங்கினால் ஆக்சுவரி ஆகிவிடலாமா? அதுவும் இல்லை. உரிய பாடங்களில் போதிய மதிப்பெண் எடுத்தால் ஆஸ்திரேலிய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் அடிப்படைத் தேர்வுகளிலிருந்து விலக்குக் கிடைக்கும். அதற்கு மேற்பட்ட நிலைகளைப் பெரும்பாலோர் வேலை பார்த்துக்கொண்டே முடிக்கிறார்கள். ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், இந்தியாவில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் எந்தப் பாடத்தை ஏற்கும் என்று சேருவதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பிள்ளைக்குக் கணக்கு மட்டும் பிடிக்குமென்றால் ஒற்றைப் பட்டம் போதும்; மிச்சமாகும் ஓராண்டில் மேல்நிலைத் தேர்வுகளைத் தொடங்கிவிடலாம். 3,000 என்று விடை சொன்ன கையோடு, "இந்த விலைக்கு எல்லாரும் இருப்பார்களா?" என்றும் கேட்கிற பிள்ளையானால், நான்காவது ஆண்டுக்குத் தாராளமாகப் பணம் கட்டலாம்.