கல் ஓரிடம், உடல் ஓரிடம்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்துக்கு முதன்முறை போகிறவர்கள் வாசலுக்கு முன்பே தயங்குவார்கள். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். பெயரும் ஆண்டும் செதுக்கிய பலகைகளைத் தளம் போட்டதுபோல் நெருக்கமாகப் பதித்திருக்கிறார்கள். மிதிக்கக் கால் கூசும். ஆனால் அந்தக் கற்களுக்கு அடியில் யாரும் புதைக்கப்படவில்லை.

அப்படியானால் அவர்கள் எங்கே?

கோட்டையிலிருந்து வடக்கே நடந்தால் உயர் நீதிமன்ற வளாகம். அதன் ஓரத்தில், 2018 வரை சட்டக் கல்லூரி இயங்கிய செங்கல் கட்டடம். அந்த மண்தான் மதராஸ் ஆங்கிலேயரின் முதல் கல்லறைத் தோட்டம். அன்றைக்குக் கோட்டைச் சுவருக்குள் புதைக்க இடமில்லை, வெளியே புதைத்தார்கள். வசதியுள்ளவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு மண்டபம்போலவும் கோபுரம்போலவும் உயர உயரக் கட்டினார்கள். அந்த உயரம்தான் பின்னால் வினையாயிற்று.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி மதராஸை முற்றுகையிட்டார். பீரங்கிக் கோட்டைக்குச் சுற்றிலும் வெட்டவெளி வேண்டும். சுவர்மேல் நிற்கிறவனுக்கு எதிரி வருவது தெரிய வேண்டும், குண்டு தடையில்லாமல் பாய வேண்டும். நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு கட்டுமானம் இருந்தாலும் அதன் பின்னால் நாலு பேர் பதுங்கிவிடலாம். இங்கே கல்லறைத் தோட்டம் முழுக்க அப்படிப்பட்ட மறைவிடங்கள். பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் கடலில் தெரிந்ததும் முற்றுகை கலைந்தது. பிழைத்த கிழக்கிந்தியக் கும்பினியார் அடுத்து செய்த வேலைகளில் ஒன்று, தங்கள் முன்னோரின் சமாதிகளைத் தாங்களே இடித்தது. பெயர் பொறித்த பலகைகளை மட்டும் பெயர்த்து வந்து தேவாலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். உடல்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன.

கற்களுக்கும் அதோடு ஓய்வு கிடைக்கவில்லை. 1782இல் மைசூரின் ஹைதர் அலியைப் பற்றிய பயம் வந்தபோது அவற்றை மறுபடி பெயர்த்துப் பீரங்கிகளுக்கு அடித்தளமாகப் போட்டார்கள். உடைந்த முனைகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய இடத்தில் இடிபடாமல் தப்பியவை இரண்டே இரண்டு: பவுனி குடும்பத்தின் நிலவறைச் சமாதி, இன்னொன்று கூம்பாக உயர்ந்து நிற்கும் ஹின்மர்ஸ் சமாதி. இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஜோசப் ஹின்மர்ஸ் கும்பினி அதிகாரி, 1680இல் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அவர் மனைவி கேத்தரின், எலிஹு யேலை மணந்தார். அக்டோபரில்தான் திறந்திருந்த செயின்ட் மேரீஸில் நடந்த முதல் கல்யாணம் அது. யேல் பிறகு கவர்னரானார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான். அவருக்கும் கேத்தரினுக்கும் பிறந்த மகன் டேவிட் சிறு குழந்தையாகவே இறந்துபோனான். தாயின் முதல் கணவருக்குப் பக்கத்தில் அவனைப் புதைத்தார்கள். யேலை அடிமை வியாபாரத்தோடு சேர்த்துத்தான் வரலாறு பேசுகிறது, அது நியாயம். ஆனாலும் அந்தக் கூம்பின் முன்னால் நிற்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் பிள்ளைதான்.

கோட்டைக் கற்களில் எதைத் தேடுவது? எலிசபெத் பேக்கரின் கல்லை. ஆண்டு 1652. கணவர் ஏரன் பேக்கர் மதராஸின் தலைமைப் பொறுப்பேற்க வந்தபோது, வழியில் கப்பலிலேயே இறந்தவர் எலிசபெத். இந்தியாவிலுள்ள மிகப் பழைய ஆங்கிலக் கல்வெட்டுகளில் அதுவும் ஒன்று. பிறகு எழுத்துகளைக் கவனியுங்கள். லத்தீனிலும் போர்த்துகீசிலும் பொறித்த கற்கள் இருக்கின்றன. கும்பினியின் மதராஸில் ஆங்கிலேயர் மட்டுமே வாழவில்லை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேறில்லை. காலையிலோ சாயங்காலமோ போங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த எழுத்து நிழல் பிடித்துத் தெரியும். உச்சி வெயிலில் வெறும் கல்தான். படிக்க வரவில்லை என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள், கல் கெட்டுப்போகும்.

ஆலயத்துக்கு உள்ளே நிலவரம் வேறு. அங்கே உண்மையாகவே அடக்கம் நடந்திருக்கிறது. 1827இல் காலராவில் இறந்த கவர்னர் தாமஸ் மன்றோவை முதலில் ஆந்திரத்தின் குத்தி (Gooty) ஊரில் புதைத்து, பிறகு இங்கே கொண்டுவந்தார்கள்.

கல்லும் உடலும் ஒன்றாக இருக்கும் தோட்டத்தைப் பார்க்க விரும்பினால் சென்ட்ரல் பக்கம் பல்லவன் சாலைக்குப் போங்கள். முற்றுகைக்குப் பிறகு, பழையதற்கு மாற்றாக வந்த செயின்ட் மேரீஸ் கல்லறைத் தோட்டம் அங்கேதான் இருக்கிறது.