மாருத் விமானமும் சாய்ந்த இறக்கையும்

ஜெட் விமானத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது வேகத்துக்காக. விமானம் ஒலியின் வேகத்தை எட்டும் முன்பே, இறக்கையின் வளைந்த மேற்பரப்பில் ஓடும் காற்று அந்த வேகத்தைத் தாண்டிவிடும். அங்கே அதிர்வலை பிறக்கும். பின்னிழுக்கும் விசை சட்டென்று பெருகும். இறக்கை சாய்ந்திருந்தால், முன்விளிம்புக்குச் செங்குத்தாக வரும் காற்றின் கூறுதான் பெரும்பாலும் கணக்கில் வரும். 35 டிகிரி சாய்வில் அது மொத்த வேகத்தில் 82 சதவீதம். 45 டிகிரியில் 71 சதவீதம். அதனால் அதிர்வலை தோன்றும் வேகம் மேலே தள்ளிப்போகிறது. ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் பூஸ்மான் 1935-ல் ரோமில் நடந்த வோல்டா மாநாட்டில் இந்த வழியைச் சொன்னார்.

இந்த லாபத்துக்கான விலையைக் குறைந்த வேகத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. சாய்ந்த இறக்கையில் மேற்பரப்பை ஒட்டிய காற்று நுனிப்பக்கமாக வழிந்து அங்கே தேங்குகிறது. விமானம் மூக்கை உயர்த்தி மெதுவாகப் பறக்கும்போது முதலில் நுனிகளே தூக்கும் திறனை இழக்கின்றன. நுனி கூர்ந்து குறுக இந்த ஆபத்து கூடும். நுனிகள் எடைமையத்துக்குப் பின்னால் இருப்பதால் மூக்கு மேலும் எழும்பும். விமானத்தை உருட்டித் திருப்பும் எய்லரான்களும் அங்கேயே இருப்பதால் அவையும் கைகொடுக்காது. தரையிறங்கும் நேரத்தில் இது உயிருக்கே உலை வைக்கும். வழிந்தோடும் காற்றைத் தடுக்க மிக்-15 இறக்கையின் மேல் தகட்டு வேலிகள் வைத்தார்கள். இந்திய விமானப்படையிலும் பறந்த ஹண்டரின் பிற்கால வகைகளில் முன்விளிம்பைப் பல்போல நீட்டினார்கள். அந்தப் பல்லில் கிளம்பும் சுழல் அதே வேலையைச் செய்தது.

இந்தியா சொந்தமாக வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானமான எச்.எஃப்.-24 மாருத்தின் இறக்கையும் பின்சாய்ந்ததே. பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் அதன் வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜெர்மானியரான குர்ட் டாங்க். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் பேராசிரியர்களில் ஒருவராக அவரை அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் குறிப்பிடுகிறார். டாங்க் குழு நேராக ஜெட்டைப் பறக்கவிடவில்லை. அதே வடிவில், அதே அளவில் என்ஜின் இல்லாத மரக் கிளைடர் ஒன்றைச் செய்து, 1959-ல் டகோட்டா விமானத்தால் வானுக்கு இழுத்துச் சென்று விடுவித்துச் சோதித்தார்கள். சாய்ந்த இறக்கையின் சிக்கல் மெதுவான வேகத்தில்தான் என்பதால், இது சிக்கனமான வழி மட்டுமல்ல, சரியான வழியும்கூட. 1961 ஜூன் 17 அன்று விமானி சுரஞ்சன் தாஸ் ஜெட் மாருத்தை முதன்முறையாகப் பறக்கவிட்டார்.

ஒலியின் இருமடங்கு வேகத்துக்குத் திட்டமிட்ட விமானம் அது. ஆனால் நினைத்த என்ஜின் வராமல், வலு குறைந்த ஆர்ஃபியஸ் 703 இரண்டைப் பொருத்த நேர்ந்ததால் ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. குறை இறக்கையில் இல்லை.

எல்லா விமானத்துக்கும் இந்தச் சாய்வு தேவையில்லை. தாம்பரத்தில் பயிற்றுநர்களை உருவாக்கப் பயன்பட்ட கிரண் ஜெட்டின் இறக்கை நேரானது. அதன் வேகத்துக்கு அதுவே பொருத்தம். பட்டாபிராம் வானில் கடந்து செல்லும் ஏர்பஸ் ஏ320-க்கு சுமார் 25 டிகிரி போதும். அதிலும் மெதுவாக இறங்கும்போது தூக்கும் திறன் குறையாதிருக்க முன்விளிம்பில் ஸ்லாட்டும் பின்விளிம்பில் ஃப்ளாப்பும் நீள்வதை ஜன்னலோர இருக்கையிலிருந்து பார்க்கலாம்.